வார்னிஷ் பூசாத வயலின்

திருவண்ணாமலை,
17 ஆகஸ்ட் 2025

எழில்,

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. உன் அண்ணன் மணிவேலுக்குச் செய்தால், "அது வயலாண்ட போயிருக்குது மாப்ள" என்கிறார். போன வாரம் கொட்டிய மழையிலும் நீ வயலில்தான் இருந்தாயாம். பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் கீழ்பென்னாத்தூர் வந்துவிடலாம்தான். ஆனால் தேடி வரக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாய். கடிதம் போடக் கூடாது என்று சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதியதற்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான் என்று நினைக்கிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

பட்டறை ஓடுகிறது. ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருக்கும் ஒரு வெள்ளைக்கார அம்மா கிடாரை ஆட்டோவில் வெயிலில் விட்டுவிட்டுக் கிரிவலம் போயிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் தந்தி கட்டும் கட்டை பெயர்ந்து கையோடு வந்துவிட்டதாம். வஜ்ஜிரம் காய்ச்சி ஒட்டிக் கொடுத்தேன். மதார் சாகிப் பாய் மரக்கடையிலிருந்து இரண்டு துண்டு மேப்பிள் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். உன்னைக் கேட்டார். ஊருக்குப் போயிருக்கிறாய் என்றேன். 

உன் வார்னிஷ் அலமாரியை நான் தொடவில்லை. குங்கிலிய டப்பா, மஞ்சிட்டிப் பொடி, ஆளி விதை எண்ணெய், பிரஷ் எல்லாம் நீ வைத்தது வைத்தபடி இருக்கின்றன.

எழுத வந்த விஷயம் இதுதான். அந்த அரை சைஸ் வயலின் இன்னும் வெள்ளையாகவே கம்பியில் தொங்குகிறது. மரவேலை எல்லாம் முடிந்தது. வார்னிஷ் மட்டும் பாக்கி. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பூச்சு இல்லாத மரம் ஈரம் குடிக்கும், ஒட்டு விடும், பூசணம் பிடிக்கும். உனக்குத் தெரியாததா? நானே பூசலாமே என்று கேட்பாய். நான் முதல் வயலினுக்குப் பூசியதைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, கதவுக்கு அடிக்கிற மாதிரி அடிச்சிருக்க" என்று பாய் சொன்னபோது நீதானே விழுந்து விழுந்து சிரித்தாய். அதற்கப்புறம் நான் பிரஷ்ஷைத் தொட்டதில்லை.

நீ சரி என்றால் மச்சான் வேனில் கொடுத்து அனுப்புகிறேன். அங்கேயே வைத்துப் பூசலாம். நீ இங்கே வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

கலையரசன்

*

கீழ்பென்னாத்தூர்,
26 ஆகஸ்ட் 2025

கவியா அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. போனை நான் எடுக்காததற்குக் காரணம் நீங்கள் இல்லை. அதைத் திறந்தால் முதலில் வருவது அவள் முகம். மேல் பல் விழுந்த வாயோடு சிரிக்கிறாள். அதை மாற்றவும் எனக்குக் கை வரவில்லை, பார்க்கவும் தெம்பு இல்லை. அதனால் அணைத்து அண்ணியின் பீரோவில் வைத்துவிட்டேன்.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். வெள்ளைக்கார அம்மாவின் கிடாரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பாய் கொண்டுவந்த மேப்பிளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நம் மகள் பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. "அந்த அரை சைஸ் வயலின்" என்கிறீர்கள், ஏதோ கடைக்காரன் ஆர்டர் கொடுத்தது போல. அது கவியாவின் வயலின். கால் சைஸ் அவளுக்குச் சின்னதாகிவிட்டது என்று ரேணுகாம்பாள் டீச்சர் சொன்னதும், ஒன்பது வயது பிறந்தநாளுக்கு முடித்துத் தருகிறேன் என்று நீங்கள் அவளுக்கு வாக்குக் கொடுத்துச் செய்தது. பிறந்தநாளும் வரவில்லை, அவளும் இல்லை. மே மாதம் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

அந்த வயலினுக்கு நான் வார்னிஷ் பூச வேண்டுமா? அதன் மேல் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு நினைவில்லையா? ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவளுக்குத் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன். பாதியிலேயே தலையைப் பிடித்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினாள். அப்பா மேல்பலகையை ஒட்டி வயலினை மூடிவிட்டாரா பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். அடுத்த நிமிடம் உங்கள் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. "கைய எடுடி. எத்தினி தடவ சொல்லியிருக்கேன், வெள்ள மரத்துமேல கை வெக்காதன்னு. எண்ணெய்க் கைய வெச்சிட்டியே, இனிமே இது எதுக்காவும்?" அவள் திரும்பி வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். அழவில்லை. "என் கை பெரிசா, வயலின் பெரிசான்னு பாத்தேம்மா" என்றாள். அதற்குப் பிறகு அவள் பட்டறைக்குள் கால் வைக்கவில்லை. நீங்களும் கூப்பிடவில்லை.

அந்தப் பலகையில் அவள் கை இருக்கிறது. அதன் மேல் நான் எப்படிப் பிரஷ்ஷை வைப்பேன்? என்னால் முடியாது. கேட்காதீர்கள்.

எழில்

*

திருவண்ணாமலை,
7 செப்டம்பர் 2025

எழில்,

இன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் செங்கம் ரோடு அடைத்துக் கிடக்கிறது. பட்டறைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து எழுதுகிறேன்.

அவள் பெயரை நான் எழுதவில்லை என்கிறாய். நீ போனைப் பீரோவில் வைத்துப் பூட்டியது எதற்கோ அதற்காகத்தான் நானும் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். கவியா. எழுதிவிட்டேன். அதற்கப்புறம் டீ குடிக்கப் போய்விட்டு வந்துதான் இந்த வரியை எழுத முடிந்தது.

அன்று கத்தினேன். இல்லை என்று சொல்லவில்லை. இந்த வேலையில் வெள்ளை மரத்தை யார் தொட்டாலும் கத்துவேன், உன்னிடம்கூடக் கத்தியிருக்கிறேன். வேர்வைக் கை பட்டாலே வார்னிஷ் திட்டுத் திட்டாக நிற்கும். தேங்காய் எண்ணெய் என்றால் கேட்கவே வேண்டாம், அந்த இடத்தில் பூச்சு காயாது. மரக்காரன் மரத்துக்காகக் கத்தினான், அவ்வளவுதான். சாயங்காலம் கூப்பிட்டுச் சமாதானம் செய்யலாம் என்று இருந்தேன். சாயங்காலம் ஒரு கிடார் வந்தது. மறுநாள் வேறு ஒன்று வந்தது. பெண்தானே, எங்கே போய்விடப் போகிறாள், பிறந்தநாளுக்கு வயலினைக் கையில் கொடுக்கும்போது எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நினைத்ததற்கு நன்றாகப் பட்டுவிட்டேன். இதற்கு மேல் நீ திட்ட என்ன பாக்கி இருக்கிறது என்று தெரியவில்லை. இருந்தால் அதையும் எழுதிவிடு.

அந்தக் கறை இப்போது முன்னைவிட நன்றாகத் தெரிகிறது. வார்னிஷுக்கு முன்னால் நாம் வெயில் காட்டுவோமே, அது போலத் தினமும் ஜன்னல் வெயில் பட்டு மரம் மஞ்சள் தட்டியிருக்கிறது. எண்ணெய் இறங்கிய இடம் மட்டும் கருத்து நிற்கிறது. ஐந்து விரலும் தெரிகின்றன. சுண்டு விரல் உன்னுடையது மாதிரியே உள்பக்கம் வளைந்திருக்கிறது. அந்த விரல் தந்தியை எட்டாது என்று டீச்சர் கவலைப்பட்டாரே, அதற்காகத்தான் கழுத்தை ஒரு நூல் ஒல்லியாக இழைத்தேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

டீச்சர் போன வாரம் வந்தார். வேதா என்று ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருக்கிறாளாம். வயலினைப் பார்த்துவிட்டு, "இத முடிச்சா அந்தப் பொண்ணுக்குக் குடுப்பீங்களா?" என்று கேட்டார். முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்படியென்றால் எதற்கு முடிக்கிறாய் என்று நீ கேட்பாய். எனக்கே தெரியவில்லை. அவளுக்கு என்று தொடங்கியதை அரைகுறையாக விட்டுவிட்டால், அவளைத் திட்டியதோடு என் அப்பன் வேலை முடிந்துவிட்டது என்று ஆகிவிடும். அதை என்னால் தாங்க முடியவில்லை.

அந்தக் கறைதான் உன் கையைத் தடுக்கிறது என்றால் ஒரு வரி எழுது. என் கையில் இருப்பது அந்த வேலை ஒன்றுதான்.

கலையரசன்

*

கீழ்பென்னாத்தூர்,
11 அக்டோபர் 2025

கவியா அப்பாவுக்கு,

பதில் போட நாளாகிவிட்டது. வேர்க்கடலை பிடுங்கும் நேரம். ஆள் கிடைக்காமல் நான், அண்ணி, பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று எல்லோரும் இறங்கினோம். செடியிலிருந்து காய் ஆய்ந்து ஆய்ந்து விரல் நுனியெல்லாம் மண் ஏறிக் கிடக்கிறது. இந்தக் கையோடு பட்டறைக்குள் வந்தால் நீங்கள் வாசலிலேயே நிறுத்திவிடுவீர்கள். உண்மையைச் சொன்னால் வேலை மட்டும் காரணம் இல்லை. உங்கள் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துப் பலமுறை படித்தேன். கழுத்தை ஒல்லியாக இழைத்தேன் என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் நின்றுவிடுவேன்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு அவள் மறந்துபோகிறாள்.

முகம் மறக்கவில்லை, குரலும் இருக்கிறது. ஆனால் போன வாரம் கடலை ஆய்ந்துகொண்டிருக்கும்போது அண்ணியின் பேத்தி ஓடிவந்து என் கைக்குள் கையை வைத்தாள். கவியாவின் கை இதைவிடப் பெரியதா, சின்னதா என்று யோசித்தேன். தெரியவில்லை. எட்டு வருடம் பிடித்துக்கொண்டு நடந்த கை. பஸ் ஸ்டாண்டில், கோயிலில், பள்ளிக்கூட வாசலில் பிடித்த கை. என் உள்ளங்கையில் அது எவ்வளவு இடம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. கொல்லைக்குப் போய் நின்று அழுதேன். அவள் போன அன்றுகூட நான் அப்படிப் பயந்ததில்லை.

அப்போதுதான் நினைவு வந்தது. அந்தக் கை ஓர் இடத்தில் அப்படியே இருக்கிறது. அவளே அளவு பார்க்க வைத்துவிட்டுப் போனது.

வயலினை அனுப்புங்கள். நான் பூசுகிறேன். நீங்கள் அதைக் கறை என்று எழுதியிருந்தீர்கள். இனி அந்த வார்த்தையை எழுதாதீர்கள். இருக்கிறபடியே அனுப்புங்கள், தூசுகூடத் தட்ட வேண்டாம். என் கையை அதன் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு கையைச் சுற்றி மஞ்சிட்டி நிறம் போட்டு, கைக்கு மேல் நிறமில்லாத பூச்சு மட்டும் மெல்லிசாகக் கொடுக்கலாம் என்று நினைத்திருக்கிறேன். காயாது என்பீர்கள். காயட்டும், மெதுவாகக் காயட்டும், எனக்கு என்ன அவசரம். கருத்துப்போகும் என்பீர்கள். ஒரு வயலினில் ஒரு கை கருப்பாக இருந்துவிட்டுப் போகட்டும்.

அது காய்ந்ததும் நானே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன். நீங்கள் சண்டை போடாமல் தந்தி கட்ட வேண்டும்.

இன்று சனிக்கிழமை. உடனே தபாலில் சேர்க்கிறேன்.

எழில்

*

திருவண்ணாமலை,
12 அக்டோபர் 2025

எழில்,

நாளைக் காலை மச்சான் கடலை மூட்டையோடு மார்க்கெட் வருகிறாராம். திரும்பும்போது வயலின் பெட்டியையும் உன் அலமாரிச் சாமான்களையும் உன்னிடம் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். பெட்டியைத் திறந்ததும் கோபப்படாமல் முதலில் கடிதத்தைப் படி.

கறைதான் தடுக்கிறது என்றால் ஒரு வரி எழுது என்று கேட்டேன். நீ எழுதவில்லை. ஒரு மாதம் காத்திருந்தேன். பதில் போடாததும் ஒரு பதில்தான் என்று எடுத்துக்கொண்டேன். "அதன் மேல் நான் எப்படிப் பிரஷ்ஷை வைப்பேன்" என்று நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் கத்தியது அந்தப் பலகை மேல் எழுதி வைத்த மாதிரி இருக்கிறது, பார்க்கும்போதெல்லாம் உனக்கு அது கேட்கிறது. அதை வைத்துக்கொண்டு பூசு என்று உன்னைக் கேட்டது என் மடத்தனம். அதனால் அந்தக் கறையை எடுத்துவிட்டேன்.

சும்மா மேலாக எடுக்கவில்லை. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ஒற்றி ஒற்றி எண்ணெயை முதலில் இழுத்தேன். பிறகு சுரண்டும் தகட்டைப் புதிதாகக் கூர்போட்டு, மரத்தின் ரேகை போகும் திசையிலேயே, வெங்காயத் தோல் கனத்துக்குச் சுருள் சுருளாக எடுத்தேன். கை இருந்த இடத்தில் மட்டும் எடுத்தால் பள்ளம் விழும், நிறமும் ஒட்டாது. அதனால் மேல்பலகை முழுக்க ஒரே சீராக இறக்கினேன். கடைசியில் தட்டி நாதம் கேட்டு இறக்கலாம் என்று அந்தப் பலகையைக் கொஞ்சம் தடிமனாகவே விட்டிருந்தது நல்லதாகப் போயிற்று. இப்போது தட்டினால் முன்னைவிடத் தெளிவாகப் பேசுகிறது. இந்த வேலையை மட்டும்தான் நான் அவளுக்காகச் சரியாகச் செய்திருக்கிறேன் என்று தோன்றியது. மே மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக நேற்று நன்றாகத் தூங்கினேன்.

விரலால் தடவிப் பார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார். ஒன்றும் தெரியாது. இனி உன் கை ஓடும்.

பூசி முடித்துவிட்டு எப்போது வரலாம் என்று தோன்றுகிறதோ அப்போது வா. நான் கேட்க மாட்டேன். ஆனால் காத்திருப்பேன், அதையும் மறைக்கவில்லை.

கலையரசன்

*

கீழ்பென்னாத்தூர்,
13 அக்டோபர் 2025

கலையரசன் அவர்களுக்கு,

வயலின் வந்து சேர்ந்தது.

நான் சனிக்கிழமை போட்ட கடிதம் நாளைக்கு உங்கள் கைக்கு வரும். படித்துப் பாருங்கள்.

அன்று அவளிடம் கையை எடு என்று கத்தினீர்கள், எடுத்துவிட்டாள். அவள் விட்டுவிட்டுப் போனதை இப்போது நீங்கள் எடுத்துவிட்டீர்கள்.

வேனிலிருந்து பெட்டியை இறக்கும்போதே நான் கையைக் கழுவிக்கொண்டு நின்றேன். கடலை மண் போகட்டும் என்று நகத்துக்குள்ளெல்லாம் தேய்த்துக் கழுவினேன். அண்ணன், "என்னாத்துக்கு இப்டி தேய்க்கிற, தோலு உரியப் போவுது" என்றார். வயலின் மேல் கை வைக்கப் போகிறேன் அண்ணா என்றேன்.

எழில்

*

திருவண்ணாமலை,
17 அக்டோபர் 2025

எழில்,

உன் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. எதை முதலில் பிரிப்பது என்று தெரியாமல் பின்னால் எழுதியதை முதலில் பிரித்துவிட்டேன். ஒன்றும் புரியவில்லை. அப்புறம் மற்றதைப் படித்தேன்.

உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மதார் சாகிப் பாய் எதற்கோ வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னாச்சு தம்பி, ஊட்ல யாருக்கும் ஒண்ணும் இல்லியே" என்றார். கடிதத்தை அவரிடம் நீட்டினேன். அவர் அடுத்தவர் வீட்டுக் கடிதத்தைப் படிக்க மாட்டேன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, போகாமல் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

சுருள்களைத் தேடினேன். கூட்டி மூலையில் குவித்து வைத்திருந்தது பாதி. மீதியை நான் ஞாயிற்றுக்கிழமையே வஜ்ஜிர அடுப்பு பற்றவைக்கப் போட்டுவிட்டேன். காய்ந்த சுருள் நன்றாகப் பிடிக்கும், தினமும் செய்வதுதான். ஸ்பிரிட் பஞ்சையும் அதில்தான் போட்டேன். மிச்சம் இருந்த குவியலைத் தரையில் பரப்பி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எண்ணெய் பட்ட சுருள் என்றால் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும். அப்படி ஒன்றுகூட இல்லை. கருத்தது முதலில் சுரண்டியது. முதலில் சுரண்டியதுதான் அடியில் கிடந்திருக்கும், குவியலின் அடியிலிருந்துதான் அடுப்புக்கு அள்ளியிருப்பேன்.

ஒரு வழி இருக்கிறது. நம்பிக்கை கொடுக்கிறேன் என்று நினைக்காதே, வேலைக்காரனாகச் சொல்கிறேன். எண்ணெய் மேலோடு நிற்பதில்லை, உள்ளே இறங்கும். நான் எடுத்தது வெங்காயத் தோல் கனம்தான். ஐந்தாறு மாதம் ஊறிய எண்ணெய் அதற்கும் கீழே போயிருக்கலாம். வயலினைத் தினமும் நல்ல வெயிலில் தொங்கவிடு. மரம் சூடானால் உள்ளே இருக்கும் எண்ணெய் மெல்ல மேலே வரும். பழைய கிடார்களில் அப்படி வந்து என் உயிரை வாங்கியிருக்கிறது. அப்படியும் வரவில்லை என்றால் மஞ்சிட்டிச் சாயத்தை ஒரு கைப் பூச்சுக் கொடுத்துப் பார். எண்ணெய் இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது. வெளிறி நிற்கும். கண்ணுக்குத் தெரியாத கறையைக்கூட, இல்லை, அந்த வார்த்தை வேண்டாம் என்றாய். கண்ணுக்குத் தெரியாததைக்கூடச் சாயம் காட்டிக் கொடுக்கும்.

அவள் கை அளவு தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். வயலின் சைஸ் பார்க்க அவளுக்கு அளவெடுத்தேன் அல்லவா, சுவரில் பென்சிலால் போட்ட கோடு இருக்கிறது. அவள் கழுத்திலிருந்து உள்ளங்கை நடு வரைக்கும். வயலினுக்கு அவ்வளவுதான் எடுப்பார்கள். அங்கிருந்து விரல் நுனி வரைக்கும் எனக்குத் தேவைப்படவில்லை. அதனால் எடுக்கவில்லை.

நீ "இருக்கிறபடியே அனுப்புங்கள்" என்று எழுதிய நேரத்தில் நான் தகட்டுக்குக் கூர் போட்டுக்கொண்டிருந்திருப்பேன். பஸ் ஏறி வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீ தேடி வராதே என்று சொன்னதைக் காப்பாற்றிக்கொண்டு இங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

வெயிலில் வைத்துப் பார். வந்தால் சொல்.

கலையரசன்

*

கீழ்பென்னாத்தூர்,
16 நவம்பர் 2025

கலையரசன் அவர்களுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தேன்.

மழைக்கு நடுவில் வெயில் கொஞ்சம்தான் கிடைத்தது. மேகம் விலகுகிற போதெல்லாம் வயலினைத் தூக்கிக்கொண்டு களத்துக்கு ஓடுவேன். தூறல் விழுந்தால் புடவைக்குள் பொதிந்துகொண்டு உள்ளே ஓடிவருவேன். தெருவில் என்னைப் பார்த்துச் சிலர் சிரித்திருக்கிறார்கள் என்று அண்ணி சொன்னாள். சிரிக்கட்டும். மரம் மஞ்சள் தட்டியது. மேல்பலகை முழுக்க ஒரே மாதிரி தட்டியது. பூதக்கண்ணாடியை வைத்தும் பார்த்தேன். எதுவும் மேலே வரவில்லை.

தீபாவளி முடிந்த வாரம் மஞ்சிட்டி ஊறவைத்தேன். முதல் கைப் பூச்சை வலது பக்கத்திலிருந்து தொடங்கினேன். இடது பக்கம், அந்த எஃப் வடிவத் துளைக்குக் கீழே, அங்கேதானே வைத்திருந்தாள்? அங்கே பிரஷ்ஷைக் கொண்டுபோகும் முன்பு நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தேன். எங்காவது சாயம் ஏறாமல் வெளிறி நிற்கட்டும், ஒரு விரல் போதும், அந்த வளைந்த சுண்டு விரல் மட்டும் போதும் என்று மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டேன். இங்கிருந்தும் மலை தெரியும். பிறகு பூசினேன். சாயம் எங்கும் நிற்காமல் ஓடியது.

சரி, இரண்டாவது கையில் தெரியும் என்றேன். அதற்குப் பிறகு வார்னிஷில் தெரியும் என்றேன். எண்ணெய் இருந்தால் வார்னிஷ் தடுமாறும், திட்டுத் திட்டாக நிற்கும் என்று நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள். ஆறு கை பூசிவிட்டேன். ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை. இத்தனை வருடத்தில் இவ்வளவு சுத்தமான மேல்பலகையில் நான் பூசியதில்லை. உங்கள் வேலையில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஏதாவது ஒன்று கிடைக்காதா என்றுதான் ஒரு மாதமாகப் பார்த்தேன்.

உங்கள் மேல் கோபம் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். இருந்திருந்தால் நேரில் வந்து கத்திவிட்டு அங்கேயே இருந்திருப்பேன். எனக்காகத்தான் செய்தீர்கள் என்பது எனக்குத் தெரிகிறது. நான் அந்த ஒரு மாதத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும் என்பதும் தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய? உங்கள் முகத்தைப் பார்த்தால் நீங்கள் தகட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் தெரியும். என் முகத்தைப் பார்த்தால் உங்களுக்கும் அதுதான் தெரியும். அதனால் நான் வரவில்லை.

வயலின் காய்ந்துவிட்டது. அண்ணன் வேனில் அனுப்புகிறேன். தந்தி கட்டி அந்த வேதா என்ற பெண்ணுக்குக் கொடுத்துவிடுங்கள். வைத்துக்கொள்ள எனக்கு அதில் ஒன்றும் இல்லை. கழுத்து ஒல்லியாக இருப்பது எதற்கு என்று டீச்சர் கேட்டால் ஏதாவது சொல்லிக்கொள்ளுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். அவள் கை என் கையில் எதுவரைக்கும் வரும் என்று நேற்று அண்ணியைக் கேட்டேன். இரண்டாவது கணு வரைக்கும் என்று காட்டினாள். அண்ணன், "அட, அவ்ளோ எல்லாம் இல்லம்மா, சின்னக் கைதான்" என்று வேறு ஓர் இடத்தைக் காட்டினார். நீங்கள் உள்ளங்கை நடு வரைக்கும் அளவு இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு மேல்தான் எனக்கு வேண்டியது. உங்களுக்கு நினைவிருந்தால் எழுதுங்கள். நிச்சயமாகத் தெரியவில்லை என்றால் எழுத வேண்டாம்.

எழில்